அச்சுப்பொறி நின்ற வேளையில்

விண்ணப்பத்தின் கடைசித் தேதி மறுநாள் என்றிருக்க, இரவு பத்து மணிக்கு மேல் மகளின் ஹால் டிக்கெட்டையோ தந்தையின் ஓய்வூதியப் படிவத்தையோ அச்செடுக்க உட்கார்ந்தவருக்கு, நேற்றுவரை ஒழுங்காக உழைத்த பிரின்டர் 'ஆஃப்லைன்' என்ற ஒரே சொல்லைத் திரையில் காட்டிவிட்டு அசைவற்றுக் கிடக்குமாயின், அவர் செய்யும் முதற் காரியம் என்ன? கைப்பேசியை எடுத்து, கம்பெனியின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்பதையும் சேர்த்துத் தேடுகிறார். தேடலின் உச்சியில் நிற்கும் எண்ணை உடனே அழைக்கிறார். அந்த எண் மெய்யாகவே அந்தக் கம்பெனியுடையதுதானா என்று ஒரு கணம் யோசிக்க அவருடைய அவசரம் இடந்தருவதில்லை. பிரின்டர் சம்பந்தமாக ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய நஷ்டங்களில் மிகப் பெரியது இவ்விடத்தில்தான் பிறக்கிறதாதலால், யந்திரத்தின் கோளாறுகளைப் பேசுமுன் இதைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

மோசடிக்காரர்கள் பிரபல கம்பெனிகளின் பெயரையும் சின்னத்தையும் ஒத்த இணையப் பக்கங்களை அமைத்து, விளம்பரக் கட்டணம் செலுத்தி, அவற்றைத் தேடல் முடிவுகளின் மேல்வரிசையில் ஏற்றிவைக்கிறார்கள். அங்கே, பிரின்டரை இயக்கும் மென்பொருளைத் தருவதாகச் சொல்லும் 'டிரைவர் டவுன்லோடு' என்ற பொத்தானை அழுத்தினால், எதையோ நிறுவுவதுபோல் ஒரு கோடு நகர்ந்து, பாதியில் நின்று, பிழை நேர்ந்ததாகவும் கீழுள்ள எண்ணை அழைக்குமாறும் சொல்கிறது. அழைத்தால், மிகுந்த மரியாதையோடு பேசும் ஒரு குரல், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து ஒரு கணினியையோ கைப்பேசியையோ இயக்க உதவும் செயலிகளில் ஒன்றை நிறுவச் சொல்கிறது. அச்செயலிகள் தம்மளவில் குற்றமற்றவை. ஆனால் அவற்றின் வழியே அந்நியன் ஒருவனை உள்ளே விட்டபின், நம் திரையும், அதில் தோன்றும் வங்கிக் கணக்கும், கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் அவன் பார்வைக்கு வந்துவிடுகின்றன. 'பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்' என்று அவன் கேட்பது அந்தப் பத்து ரூபாய்க்காக அன்று. கார்டு விவரத்தை நாம் நம் கையாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

மெய்யான சேவை எண் பிரின்டரோடு வந்த வாரன்டி அட்டையிலும், அது வந்த பெட்டியின் மேலும் அச்சாகியிருக்கும். டிரைவரை, கம்பெனியின் இணைய முகவரியை நாமே தட்டச்சு செய்து திறந்த பக்கத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்வதே உசிதம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்கும், சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்து, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட வேண்டும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டிருப்பின், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த நஷ்டம் அவரையே சாரும். தெரிவித்த பிறகு நேர்வதோ வங்கியைச் சாரும். வெட்கத்தினால் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நம் கணக்கிலேயே எழுதப்படுகிறது என்பதை உணர்ந்து, குடும்பத்தாரும் அவ்வேளையில் ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பார்களாக.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, அத்தொலைபேசி அழைப்புக்கே பெரும்பாலும் அவசியம் இருந்திராது என்பதுதான். வைஃபையில் இணைந்த பிரின்டர் 'ஆஃப்லைன்' ஆவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மின்தடைக்குப் பின் மறுபடி உயிர்பெற்ற ரௌட்டர் அதற்குப் புதியதோர் எண்முகவரியைக் கொடுத்துவிட, கணினி இன்னும் பழைய முகவரியிலேயே அதைத் தேடிக்கொண்டிருப்பதாகும். ரௌட்டரையும் பிரின்டரையும் கணினியையும் அணைத்து, அவ்வரிசையிலேயே மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால், கணினியின் பட்டியலிலிருந்து பிரின்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம். வீட்டுப் பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குமாதலால், புதிய ரௌட்டர் வாங்கியவர்கள் இதையும் கவனிக்கவேண்டும். பிரின்டர் இணைந்திருந்தும் தாள் வராவிட்டால், முன்பு அனுப்பிய ஏதோ ஒரு பிரதி வரிசையில் சிக்கிக்கொண்டு, பின்வருவன அனைத்தையும் மறித்து நிற்கிறது என்று கொள்ளலாம். அதை ரத்து செய்யவேண்டும். ரத்தாகாவிடில், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும். இந்த ஸ்பூலரில்தான் 2021-ல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆகையால் விண்டோஸ் அப்டேட்டைத் தொந்தரவென்று தள்ளிப்போடுதல் நல்லதன்று.

சிக்கிய தாளை வெடுக்கென்று இழுப்பவர்கள் சிறு கோளாறைப் பெருங்கோளாறாக்குகிறார்கள். மின்சாரத்தை நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து, தாள் பயணம் செய்யும் திசையிலேயே இரு கையாலும் மெல்ல உருவவேண்டும். கிழிந்த துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும் யந்திரம் மறுபடி நிற்கும். லேசர் பிரின்டரில், டோனரை உருக்கித் தாளில் பதிக்கும் ஃபியூசர் பகுதி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறுவதால், அது ஆறும்வரை கை வைக்கலாகாது. இங்க்ஜெட்டில் எழுத்து வரிவரியாக விடுபட்டால், முதலில் 'நாசில் செக்' தாளை எடுத்துப் பார்த்து, பிறகு ஓரிரு முறை மட்டும் 'ஹெட் கிளீனிங்' கொடுத்து, சில மணி நேரம் விட்டுவைப்பது நலம். ஒவ்வொரு சுத்தமும் மையைக் குடிப்பதோடு, கழிவு மையை உறிஞ்சும் பஞ்சையும் நிரப்புகிறது. சுவரிலுள்ள ஸ்விட்சை அப்படியே அணைக்காமல், பிரின்டரின் சொந்தப் பொத்தானால் அணைப்பவருக்கு இத்தொல்லை பெரிதும் குறையும். அவ்விதம் அணைத்தால்தான் மைத்தலை தன் இடத்துக்குத் திரும்பி, மூடிக்குள் அடங்கி, காயாமல் இருக்கும்.

இவ்வளவு செய்தும் சீர்படாத யந்திரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடத்தையாகும். 'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்ற கடைக்காரரின் அறிவிப்பைக் கண்டு, பழுதோடு வந்த பொருளுக்கும் நியாயம் கிடையாதென்று மனம் தளரவேண்டாம்.

வாரன்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பல பிரின்டர்களுக்கு அது, ஓராண்டு அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முந்துகிறதோ அதுவரை என்று எழுதப்பட்டிருக்கும். பிறர் தயாரித்த மையினால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் அதில் கண்டிருக்கலாம். அவ்வாறு சொல்லிக் கைவிரிக்கும் சர்வீஸ் சென்டரிடம், எந்தப் பாகத்தை அந்த மை எவ்விதம் கெடுத்தது என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். புகார் கொடுக்கும்போதெல்லாம் தேதியிட்ட ஜாப் ஷீட்டைப் பெற்றுக்கொள்வதும் அத்தியாவசியம். வாய்வார்த்தைக்கு வழக்கில் மதிப்பு மிகக் குறைவு.

கம்பெனி அசைந்துகொடுக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் பயனில்லையெனில், பொருளை வாங்கிய ஊர் எதுவாயினும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் ஏதுமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. பழுது நீக்கித் தரவும், மாற்றுப் பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

வெப்பக் காகிதத்தில் அச்சான பில் நாளடைவில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். ஆகவே வாங்கிய அன்றே பில்லையும் வாரன்டி அட்டையையும் கைப்பேசியில் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 1930, 1915 என்ற இரண்டு எண்களையும், அட்டையில் கண்ட சேவை எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, பிரின்டரின் பக்கவாட்டில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள்.