உங்களுக்குத் தெரியுமா? பட்டணத்தார் பட்டிக்காட்டுக்கு வந்த கதை

எழுமலை பஸ் ஸ்டாண்டில் புது முகம் ஒன்று இறங்கினால், டீக்கடை பெஞ்சிலிருந்து வருகிற முதல் கேள்வி "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்பதுதான். பட்டணத்து ஆள் கிராமத்துக்குக் குடிவரும் சிரிப்புப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான் முதல் காட்சி. அந்தப் படங்களைப் பற்றிச் சில சேதிகள் இங்கே. நம் மதுரைச் சீமையிலிருந்தே தொடங்கலாம்.

● தமிழில் இந்த வகைக்குப் பேர்போன படம் 'பட்டிக்காடா பட்டணமா'. 1972 மே 6 அன்று வெளிவந்தது. லண்டன் போய் வந்த கல்பனாவாக ஜெயலலிதா, குடுமி வைத்த ஊர்ப் பெரியதனக்காரர் மூக்கையனாக சிவாஜி கணேசன். இயக்கியவர் பி.மாதவன், எழுதியவர் பாலமுருகன், இசை எம்.எஸ்.விஸ்வநாதன். கலர் படங்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்த காலத்தில் கறுப்பு வெள்ளையிலேயே வந்து வெள்ளிவிழா கண்டது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குத்தான்.

● அந்தக் கதையின் ஊர் சோழவந்தான். படத்தில் அது பட்டிக்காடு. நேரில் போய்ப் பார்த்தால் மதுரை – திண்டுக்கல் ரயில் பாதையில் ஸ்டேஷன் உள்ள ஊர், மதுரையிலிருந்து பொழுது புலர்ந்து கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு பக்கம் வைகை, அதோடு 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர். நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்த பூமி. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சினிமாவில் கிராமம் என்றாலே பச்சை வயல், வாய்க்கால், பம்புசெட். அது சோழவந்தான் பக்கத்துக் கிராமம். எழுமலை, சேடபட்டி, பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. குதிரைவாலி, சோளம், பருத்தி என்று மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலம். மேற்கே தலைதூக்கி நிற்கும் மலையில் மேகம் இறங்கினால்தான் ஊர் முகத்தில் தெளிச்சி. லண்டன் கல்பனா இந்தக் காட்டில் வந்து இறங்கியிருந்தால் கதை முற்றிலும் வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

● 'மூக்கையன்' என்ற பெயரைச் சிரிப்புக்காக வைத்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து தவறிப்போன வீட்டில், அடுத்து வந்த பிள்ளையாவது தங்கட்டும் என்று மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள் என்று பெயர் வைப்பது தெற்கத்தி வழக்கம். ஒரு தாயின் பயமும் வேண்டுதலும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. உசிலம்பட்டித் தொகுதியிலிருந்து பலமுறை சட்டமன்றம் சென்ற பி.கே.மூக்கையாத்தேவர் பிறந்தது பக்கத்துப் பாப்பாபட்டியில்.

● பட்டிக்காட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் கல்பனாவாக நடித்த ஜெயலலிதா 1989-இல் முதன்முதலாகச் சட்டமன்றம் போனது போடிநாயக்கனூரிலிருந்து. பிறகு 2002 இடைத்தேர்தலிலும் 2006-இலும் ஜெயிக்க வைத்தது ஆண்டிபட்டி. உசிலம்பட்டியிலிருந்து கணவாயைத் தாண்டினால் ஆண்டிபட்டி. எந்த மண்ணைப் பார்த்துப் படத்தில் மூக்கைப் பிடித்தாரோ, ஏறக்குறைய அதே சீமைதான் அவரைக் கோட்டைக்கு அனுப்பியது. இந்தப் படத்தில் நடித்ததற்காக அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் உண்டு.

● சோழவந்தானுக்குச் சினிமா புதிதல்ல. 'ஸ்ரீவள்ளி' (1945) புகழ் டி.ஆர்.மகாலிங்கம் வைகைக்கு அக்கரையில் உள்ள தென்கரைக்காரர். சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அவரை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோனது கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958).

● 'பட்டிக்காடா பட்டணமா' ஒரு தனி மரம் அல்ல, தோப்பில் ஒன்று. 1963-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'பெரிய இடத்துப் பெண்', 1982-இல் கமல்ஹாசன் நடித்த 'சகலகலா வல்லவன்' இரண்டிலும் கிராமத்து ஆள் பட்டணத்து வேஷம் கட்டிப் பணக்காரப் பெண்ணின் திமிரை அடக்குவான். மூக்கையனும் முகேஷ் என்ற பெயரில் ஹிப்பி வேஷம் போடுவார். இந்த மூன்று படங்களையும் நான் ரசித்துப் பார்த்தவன்தான். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இவற்றில் கிராமம் ஜெயிக்கிறது என்றால், ஒரு பெண் தலைகுனிகிறாள் என்று அர்த்தமாகிவிடுகிறது. பட்டணத்துப் பெண் நம்மூருக்கு வந்து ஒரு களையாவது எடுத்தாளா, கிணற்றடியில் பக்கத்து வீட்டு மதினியோடு ஒரு பேச்சாவது பேசினாளா என்று பார்த்தால், காட்சி இல்லை. ஊரைத் தெரிந்துகொள்ள அவளுக்கு யாரும் அவகாசமே கொடுக்கவில்லை.

● எதிர்த் திசையில் போன பழைய படம் என்.எஸ்.கிருஷ்ணனின் 'நல்லதம்பி' (1949). கிராமத்து ஆளுக்குப் பட்டணத்துச் சொத்து வந்து சேரும் கதை. எழுதியவர் அண்ணா. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' (1936) என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல். என்.எஸ்.கே.யின் புகழ்பெற்ற 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இந்தப் படத்தில்தான் வருகிறது. அந்தக் காலட்சேபத்தில், ஊரில் ஒதுக்கப்பட்ட பையன் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்பி வருவான். வாய்விட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்த கலைஞன் அவர்.

● வாத்தியார் ஒருவர் கைக்குழந்தையோடு ஊருக்குள் வந்து இறங்குகிறார். 1983-இல் வந்த பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' அப்படித்தான் ஆரம்பம். ஊர்வசி கதாநாயகியாகத் தமிழில் அறிமுகமான படம். வாண்டுப் பயல்கள் புடைசூழ ஊரையே ஆட்டி வைக்கும் பரிமளம், வாத்தியாரைக் கட்டிக்கொள்வதற்காகப் பஞ்சாயத்தில் பொய்ச் சத்தியம் செய்து குழந்தையைத் தாண்டுவாள். சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அந்த இடத்தில் சட்டென்று அடங்கிப்போகும். குழந்தையைத் தாண்டிச் சத்தியம் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஊர்ச்சனத்துக்குத் தெரியும், வந்த வாத்தியாருக்கும் தெரியும். இந்த வகைப் படங்களில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இங்கே பட்டணமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவான பயம் ஒன்று இருக்கிறது.

தெலுங்கில் 'மூடு முள்ளு', இந்தியில் ராஜேஷ் கன்னா, ஸ்ரீதேவி நடித்த 'மாஸ்டர்ஜி' (1985), கன்னடத்தில் 'ஹள்ளி மேஷ்ட்ரு' (1992) என்று அந்த வாத்தியார் பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போனார்.

● தேனிப் பக்கத்து அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா. ஸ்டுடியோ செட்டுக்குள் இருந்த கிராமத்தை வெயிலுக்குக் கொண்டுவந்த '16 வயதினிலே' (1977) பெரும்பாலும் எடுக்கப்பட்டது எங்கே தெரியுமா? கர்நாடகத்தில், கொள்ளேகால், மைசூர்ப் பக்கம். அந்தக் கதையிலும் பட்டணத்திலிருந்து ஒரு மாட்டு டாக்டர் வருவார். நாயகி மயிலின் கனவுக்கு ஆசை காட்டிவிட்டுக் கைவிட்டுப் போவார். சிரிப்புப் படம் அல்ல என்றாலும், பட்டணத்து ஆளின் வருகையை ஊர் எவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

● கடல் தாண்டிப் போனால், அமெரிக்காவில் இந்த வகையில் பேர்பெற்ற படம் 'தி எக் அண்ட் ஐ' (1947). புருஷன் பேச்சை நம்பி மலைக்காட்டில் கோழிப்பண்ணை வைக்கப் போன பெட்டி மெக்டொனால்ட் என்ற பெண், தன் அனுபவங்களை 1945-இல் புத்தகமாக எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது, படமும் ஓடியது. படத்தில் பக்கத்துப் பண்ணை 'கெட்டில்' குடும்பம் அடித்த கூத்து ஜனங்களுக்குப் பிடித்துப்போய், அவர்களை வைத்தே தொடர்ச்சியாகப் படங்கள் வந்தன.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அந்தக் கெட்டில் குடும்பம் நாங்கள்தான், எங்களைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கோர்ட்டுக்குப் போனது. 1951-இல் தீர்ப்பு எழுத்தாளர் பக்கம் ஆனது. சட்டம் எப்படிச் சொன்னாலும், ஊரார் பார்த்துச் சிரித்த சிரிப்பு அந்த வீட்டாருக்கு எப்படி வலித்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய வழக்கு அது.

● கோட்டு, டை, வெயிஸ்ட்கோட்டோடு டிராக்டர் ஓட்டிய நியூயார்க் வக்கீலைத் தெரியுமா? 'கிரீன் ஏக்கர்ஸ்' என்ற டி.வி. தொடரின் நாயகன் அவர். 1965 முதல் 1971 வரை 170 பகுதிகள் வந்தது. கிராமத்துக் கதைகள் போதும், பட்டணத்து இளைஞர்கள்தான் பார்வையாளர்களாக வேண்டும் என்று அந்த டி.வி. நிறுவனம் முடிவெடுத்து, இது போன்ற தொடர்களை மொத்தமாக நிறுத்தியது.

● இந்தியில் 2020 ஏப்ரலில் வந்த 'பஞ்சாயத்' தொடர், நல்ல வேலை கிடைக்காமல் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றுக்குப் பஞ்சாயத்துச் செயலராகப் போகிற பையனின் கதை. படம் பிடித்தது மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில். தமிழில் அதுவே 2024 செப்டம்பரில் 'தலைவெட்டியான் பாளையம்' ஆனது. இயக்கியவர் நாகா. யாரும் யாரையும் அடக்குவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பையன் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைப் படிக்கிறான், ஊரும் அவனைப் படிக்கிறது.

● முதலில் சொன்ன "யாரு வீட்டுக்கு?" என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எந்தத் தெரு என்று கேட்டு, அதிலிருந்து சாதியைத் தெரிந்துகொள்கிற முகம். எழுமலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பிறகு தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை விட்டது. 'பட்டிக்காடா பட்டணமா' வெளியான அதே மே 6, முப்பத்தாறு வருஷம் கழித்து. பட்டணத்திலிருந்து வீடு தேடி வருகிறவர் அந்தத் தெருக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. நம் சிரிப்புப் படங்கள் வெகுகாலம் இதைச் சுற்றிக்கொண்டே போயின. நேருக்கு நேர் நின்று சிரிக்கவும் வைத்தது 'மண்டேலா' (2021). யோகி பாபு முடி திருத்துபவராக வருவார். அவருடைய ஒற்றை ஓட்டுக்கு ஊரே இரண்டாகப் பிரிந்து தவம் கிடக்கும்.

● பட்டணத்துக்குப் போனவர்கள் மொத்தமாகத் திரும்புகிற நாள் ஒன்று இந்தப் பக்கம் உண்டு: மாசிப்பச்சை. மகா சிவராத்திரியை ஒட்டி, பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சென்னை, திருப்பூர், கோவை என்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து குவிவார்கள். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை – போடி ரயில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் அகலப் பாதையில் மறுபடி ஓடத் தொடங்கியதில் அவர்களுக்கு வழி கொஞ்சம் லேசாகியிருக்கிறது.

● அது போன்ற ஒரு குலசாமி கும்பிடுதான் 'கடைசி விவசாயி' (2022) படத்தின் முடிச்சும். இயக்குநர் மணிகண்டன் உசிலம்பட்டிக்காரர். படம் எடுத்ததும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நிஜத்திலும் விவசாயி. படம் திரைக்கு வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தபோது, அவர் பெயரும் சிறப்புக் குறிப்பாகச் சேர்ந்தது.

ஊர் கூடிச் சாமி கும்பிடப் புது நெல் வேண்டும். ஊரில் இன்னும் வெள்ளாமை செய்கிறவர் மாயாண்டி ஒருவர்தான். நிலத்தை விற்று யானை வாங்கியவர்கூட உண்டு, நெல் போட ஆள் இல்லை. அவர் விதைத்து நாற்று தலை எடுக்கும்போது, செத்துக் கிடந்த மூன்று மயில்களைப் புதைத்த பாவத்துக்கு அவர் மேலேயே வழக்கு வருகிறது. அவரை உள்ளே வைத்தால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார்? போலீஸே பாய்ச்சட்டும் என்கிறார் நீதிபதி. வாய்க்கால் வரப்பு அறியாத அந்தக் காக்கிச் சட்டைக்காரர் வயலில் இறங்கி நிற்கிறார். மடை திறக்க வேண்டும், தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும், மறுநாள் காலை மறுபடி வர வேண்டும். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் தெரிந்த நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், யாருக்கென்று இல்லாமல் சொன்னார்: "தண்ணி பத்தாதுப்பா, இன்னும் ஒரு நா விடச் சொல்லு."