உறங்காத மூக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'நெருப்பில்லாமல் புகையாது' என்பர் பெரியோர். வதந்திகளைக் குறித்துச் சொல்லப்படும் இப்பழமொழியை விஞ்ஞான மாணவர்கள் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் தீப்பிடித்தால் பல வேளைகளில் சுவாலை கண்ணில் படுமுன்பே புகை பரவிவிடுகிறது. வீட்டுத் தீயில் மாண்டவர்கள் என்றதும் கருகிய உடல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர்களுள் மிகப் பலர் தீ தம்மைத் தொடுமுன்பே, புகையைச் சுவாசித்து இறந்தவர்கள்.

புகையில் அப்படி என்ன இருக்கிறது? முதலாவது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் நாட்டத்துடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. இக்காலத்து நுரைமெத்தையும் சோபாவும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும்.

'புகை நாற்றம் அடித்தால் விழித்துக்கொள்ள மாட்டோமா?' என்று கேட்பவர் உண்டு. மாட்டோம் என்பதே விடை. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஆழ்ந்து உறங்கியவர்கள் பிரிடின் என்னும் கடும் நாற்றத்துக்கும் எழவில்லை, ஒலிக்கு எழுந்தனர். காது விழித்திருக்கிறது, மூக்கு உறங்கிவிடுகிறது. புகையை உணர்ந்து அதை ஒலியாக மாற்றித் தரும் கருவி நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

இது மேல்நாட்டார் கவலை, நமக்கென்ன என்று இனியும் சொல்வதற்கில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் ஏற்றிய மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். 2024 செப்டம்பரில் மதுரையில் மகளிர் விடுதி ஒன்றில், விடியுமுன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பரவிய தீயிலும் புகையிலும் பெண்கள் உயிரிழந்தனர். இரண்டும் உறங்கும் வேளையில் நேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவையும் சன்னலையும் சாத்தி, ஏ.சி. போட்டுப் படுக்கும் பழக்கம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்ட காலம் இது.

புகை அலாரத்தில் இருவகை உண்டு. ஒன்று அயனி வகை. இதனுள் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கத் தனிமம் இருக்கும். அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 432 ஆண்டுகள். அது வெளியிடும் ஆல்பா துகள்கள் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை அயனியாக்குவதால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத்துகள் நுழைந்து அயனிகளைப் பற்றிக்கொண்டால் மின்னோட்டம் குறையும், மணி அலறும். இதன் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான செய்தி சொல்வார்கள். 1930-களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்று, அது பலிக்காமல் சலிப்புற்றுச் சிகரெட்டைப் பற்றவைத்தாராம். நச்சுவாயுவுக்கு அசையாத முள், சிகரெட் புகைக்கு அசைந்தது!

மற்றது ஒளிமின் வகை. ஓட்டுச் சந்தின் வழியே வெயில் விழும்போது அந்த ஒளிக்கற்றையில் தூசி மிதப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வகுப்பில் டிண்டால் விளைவு என்று படிப்பது அதுதான். கருவிக்குள் ஒரு சிறு விளக்கின் ஒளி நேராகச் செல்கிறது. ஒளியுணரி அதன் வழியில் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பதால் சாதாரணமாக அதன்மேல் ஒளி படுவதில்லை. புகை புகுந்தால் ஒளி சிதறி உணரியின்மேல் விழ, மணி அடிக்கிறது.

சுவாலையோடு வேகமாக எரியும் தீயின் நுண்துகளை அயனி வகை சற்று முந்தி உணரும். கனன்று புகையும் தீயின் பெரிய துகள்களை ஒளிமின் வகையே முந்தி உணரும். பீடித் துண்டு விழுந்த இலவம்பஞ்சு மெத்தையும், சூடேறிக் கருகும் மின்கம்பியும் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை. நம் வீடுகளுக்கு ஒளிமின் வகையே ஏற்றது என்பது என் துணிபு. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அயனி வகை சமையல் ஆவிக்கு எளிதில் ஏமாறும். கடுகும் மிளகாயும் தாளிக்கும்போதெல்லாம் அலறும் கருவியிலிருந்து வீட்டார் மூன்றாம் நாளே பாட்டரியைப் பிடுங்கிவிடுவர். ஊமையான அலாரம் இல்லாத அலாரத்தைவிட மோசமானது. இருக்கிறதே என்ற நம்பிக்கையில் உறங்க வைக்கும்.

கடையில் வாங்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அலுவலகக் கட்டடங்களுக்கான உணரிகளும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். அவற்றுள் பலவற்றில் மணி கிடையாது. கம்பி இழுத்துத் தனிப் பலகையோடு இணைத்தால்தான் வேலை செய்யும். வீட்டுக்கு வேண்டியது பாட்டரியும் மணியும் தன்னுள்ளேயே கொண்டது. பெட்டியில் இ.என். 14604 அல்லது யூ.எல். 217 என்னும் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் வாயுக் கசிவை உணரும் கருவி முற்றிலும் வேறானது. அவ்வாயு காற்றைவிடக் கனமானதால் அக்கருவி தரையருகே இருக்க வேண்டும். புகையோ சூட்டால் மேலே எழுவதால், புகை அலாரத்துக்கு இடம் கூரைதான்.

கூரையில் எங்கே? மேல்நாட்டுக் குறிப்புகள் அறையின் நடுவில் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. நம் வீட்டிலோ நடுவில் விசிறி இருக்கிறது! விசிறிக் காற்று புகையைக் கருவியை அணுகவிடாமல் விரட்டும். இறக்கை நுனியிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. பத்தடிக்குப் பத்தடி அறையில், நான்கடி வீச்சுள்ள விசிறி மாட்டியிருப்பதாகக் கொள்வோம். நடுவிலிருந்து நேராகச் சுவரை நோக்கி அளந்தால் ஐந்தடி. இறக்கைக்கு இரண்டடி போக மூன்றடிதான் மிச்சம், கருவி சுவரோடு ஒட்டிவிடும். மூலைவிட்டத்தின் வழியே போனால் ஏழடி கிடைக்கிறது. ஆகவே இரு சுவர்களிலிருந்தும் ஒன்றேகால் அடி தள்ளி, மூலையை நோக்கிய இடத்தில் பொருத்தினால் விதியும் நிறைவேறும், சுவரும் கூரையும் சேரும் இடுக்கில் காற்று தேங்கும் தொல்லையும் இராது. பிதாகரஸ் தேற்றம் வீட்டுக்கு உதவுவது இப்படித்தான். கூரையில் துளையிட இயலாதவர்கள் சுவரில், கூரையிலிருந்து ஓர் அடிக்குள் மாட்டலாம்.

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, அவற்றுக்கு வெளியே கூடத்தில் ஒன்று, மாடி இருந்தால் அங்கும் ஒன்று என்பது முழு ஏற்பாடு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உறங்கும் இடத்துக்கும் சமையலறைக்கும் இடையில், அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி வைக்கலாம். ஸ்கூட்டரைக் கூடத்திலேயே சார்ஜ் போடும் வீடுகளில் அந்தக் கூடமே முதலிடம். ஆனால் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினால், மணி அடித்தும் ஓட வழி இராது.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் நமக்கே உரிய சிக்கல்கள். பூசை மாடத்துக்கு நேர்மேலே மாட்டாமல் இருக்கலாம். படுக்கையறையில் சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறலாம். பெரும்பாலான கருவிகளில் சில நிமிடங்கள் மட்டும் ஒலியை அடக்கும் பொத்தான் உண்டு. பாட்டரியைக் கழற்றாமல் அதைப் பயன்படுத்துவதே முறை. கூரை வேய்ந்த குடிசையிலும் சந்துள்ள ஓட்டு வீட்டிலும் புகை மேலே தேங்காமல் வெளியேறிவிடுவதால், அங்கே இக்கருவியால் பயன் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். அமாவாசை என்று நாள் குறித்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களே நினைவூட்டுவர். ஒட்டடை அடிக்கும்போது மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். உள்ளே சிலந்தி புகுந்தாலும் பொய்மணி அடிக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒலித்தால் பாட்டரி தீர்கிறது என்று பொருள். சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கும்போது அதன்மேல் படாமல் மூடி, வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். பத்து ஆண்டுகளில் உணரியே கெட்டுவிடுவதால் கருவியை முழுதாக மாற்ற வேண்டும். முதுகில் அச்சிட்ட உற்பத்தித் தேதியே கணக்கு, வாங்கிய தேதி அன்று.

ஆழ்ந்து உறங்கும் சிறுவர்களும் செவி மங்கிய முதியவர்களும் இந்தக் கூரிய ஒலிக்கும் எழாமல் போகலாம். பாட்டியை யார் எழுப்புவது, தம்பியை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். புகையில் நிமிர்ந்து நடக்கலாகாது. தரையருகே காற்று தெளிவாக இருக்குமாதலால் தவழ்ந்து வர வேண்டும். கதவைப் புறங்கையால் தொட்டு, சுட்டால் அதைத் திறக்காமல் வேறு வழி நாட வேண்டும். வெளியே வந்தபின் 101 அல்லது 112-ஐ அழைக்கலாம். சான்றிதழை எடுக்கவென்று யாரும் மீண்டும் உள்ளே போகக் கூடாது. பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கிக்கொள்ளலாம்.