சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஜீப் வாங்குங்கள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய ஜீப்களின் விலை ஏறத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது. ஆனால் வரியும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்து புதிய ஜீப்பை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஏறாவூரில் ஒரு நெல் ஆலைக்காரரோ வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவரோ ஆசைப்பட்டு எடுப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மொண்டெரோ அல்லது டொயோட்டா பிராடோதான்.

டொயோட்டா என்றால் உடையாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது பழைய எஞ்சின்கள் உழைத்துச் சம்பாதித்த பெயர். பிராடோவில் வந்த 3.0 லீற்றர் 1கேடி எஞ்சின் வேறு இனம். ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் கொமன் ரெயில் இன்ஜெக்டர்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு சிறிய செம்பு வாசர் இருக்கும். அது தேய்ந்து கசிந்தால் எரிந்த வாயு மேலேறி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் கரிக்குழம்பாகும். அந்தக் கரி, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் ஒயில் வலையை அடைக்கும். பிறகு ஒயில் ஏறாமல் பெயாரிங் எரிந்து, ஒருநாள் வெலிக்கந்தைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். மலிவான வாசரைக் காலத்தில் மாற்றாததால் முழு எஞ்சினே போகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வழமைக்கு மாறான தட்டல் சத்தமும், ஒயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கட்டியாகக் கறுப்பதும் இதன் அறிகுறிகள்.

2015 முதல் வந்த 2.8 லீற்றர் எஞ்சினில் கவலை புகைக்கரி வடிகட்டிக்கு இடம்மாறியது. சேர்ந்த கரியை எரிக்க அந்த வடிகட்டி சுமார் 600 பாகை வரை சூடாக வேண்டும். அதற்குச் சீரான நீண்ட ஓட்டம் தேவை. கடைக்கும் பள்ளிவாசலுக்கும் செங்கலடிச் சந்திக்கும் மட்டும் ஓடும் ஜீப்பில் அது நடக்காது. அவுஸ்திரேலியாவில் இந்த எஞ்சின் பொருத்திய ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் அந்த வடிகட்டி அமைப்பு குறைபாடுடையது என்று 2022இல் அங்குள்ள சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டத் தெரியாதவனின் பிழை என்று ஒதுக்க முடியாத விடயம் இது.

நம் மண்ணுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. வாவிக்காற்றின் உப்பு சேசிஸையும் பிரேக் குழாய்களையும் அரிக்கும். மார்கழி வெள்ளத்தில் இறங்கி ஏறிய ஜீப்பின் டிபரன்ஷல் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பரல்களில் சேமித்த டீசலை ஊற்றியவர்கள் தண்ணீரையும் சேர்த்து ஊற்றியிருக்கக்கூடும். கொமன் ரெயில் பம்ப் தண்ணீரைத் தாங்காது.

நம் ஊர் கராஜ் பாஸ்மாரைக் குறை சொல்வது அநியாயம். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது ஒவ்வொரு மொடலுக்கும் உரிய ஸ்கேனரும் இன்ஜெக்டர் சோதிக்கும் இயந்திரமும்தான். அதனால் சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை, சோதனைக்கும் கொழும்பு என்று சுமார் முந்நூறு கிலோமீற்றர் அலைகிறோம். அந்த அலைச்சலின் செலவையும் ஜீப்பின் விலையோடு கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

எனவே காசு கொடுக்குமுன் ஒரு பாஸைக் கூட்டிப்போய்ச் சம்பைக் கழற்றி ஒயில் வலையைப் பாருங்கள். இன்ஜெக்டர் வாசர் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள். வாங்கிய பிறகு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். டீசல் பில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். சம்பைக் கழற்ற விடாத விற்பனையாளரிடம், எவ்வளவு பளபளப்பான ஜீப்பாக இருந்தாலும், வாங்காதீர்கள்.