அம்மா ஓடுகிறாள்!

"குழந்தை பெற்றவளுக்கு ஓட்டமாவது, பந்தயமாவது!" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பவுலா ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வீராங்கனை அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார். 2007 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது; அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தார். தூரம் 42 கிலோமீட்டருக்கு மேல்!

அவருக்கு ஓட்டமே தொழில். நமக்கு அந்த அவசரம் வேண்டாம். பாதி தூரம், 21 கிலோமீட்டர் சொச்சம், போதும். அதுவே நாவலூரிலிருந்து மத்திய கைலாஸ் வரையுள்ள தூரத்தைவிட அதிகம் அல்லவா?

பிரசவித்தவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் மட்டும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். சென்னை வெயிலுக்கு முன்பே வீடு திரும்பிவிட வேண்டும்.

அந்த விடியற்காலையில் குழந்தை விழித்துக்கொண்டால்? அங்கேதான் இருக்கிறது விஷயம்! பால் காய்ச்சுவதும் தொட்டில் ஆட்டுவதும் அப்பாவின் பொறுப்பு. ஓடுகிறவள் ஒருத்திதான், பயிற்சி என்னவோ இருவருக்கும்!