அரை அங்குலக் கத்திக்கு அலையும் ஆட்கள்!

மதுக்கரை–

கத்தி என்றாலே இந்தப் பக்கத்தில் குத்து, வெட்டு, கைது என்றுதான் செய்தி வரும். இன்றைக்கு வேறு கத்தி. சவரக்கத்தி! அதுவும் பழைய காலத்து மடக்குக் கத்தி. அகலம் அரை அங்குலம்தான்.

இதைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சேர்ப்பதோடு விடுவதில்லை. அதே கத்தியில் முகச்சவரமும் செய்துகொள்கிறார்கள்.

நானும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிளறினேன். இரண்டு கிடைத்தன. இரண்டும் துரு. எடுத்துக்கொண்டு மதுக்கரைக்கு பஸ் ஏறினேன். தலைமுறையாகச் சவரத் தொழில் செய்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். “பேர் போடாதீங்க தம்பி” என்றார். போடவில்லை.

கத்தியை வாங்கியவர் கூர் இருக்கிற பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதுகைத்தான் பார்த்தார்.

“இது பொறந்தப்பவே சன்னமில்லீங்க. கல்லுல தேஞ்சு சன்னமாயிருக்குது.”

எப்படித் தெரிந்தது? விஷயம் இதுதான். சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டும்போது முனையும் முதுகும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிப்புதான் கூரின் சாய்வைக் காப்பாற்றுகிறது. தீட்டத் தீட்ட இரண்டும் தேயும். முக்கால் அங்குலக் கத்தி பல வருஷம் கழித்து அரை அங்குலமாகி விடும். அதன் முதுகு தட்டையாகியிருக்கும். சன்னமாகவே செய்த கத்திக்கு முதுகும் மெலிசு, உருண்டையாகவும் இருக்கும்.

சன்னக் கத்தி மூக்குக்குக் கீழே, உதட்டோரம், காதோரம் எல்லாம் லாவகமாகப் போகும். தோலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சோப்பு நுரை அதிகம் தாங்காது. அடிக்கடி துடைக்க வேண்டும்.

சிமெண்ட் தாடி!

மதுக்கரையில் 1934ல் சிமெண்ட் ஆலை வந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் பெரியவர் சிரித்து விட்டார்.

“சிமெண்ட் தூசி புடிச்ச தாடி இருக்குதே, கத்திக்கு எமனுங்க! நல்லாக் கழுவிட்டு வாங்கன்னு தொரத்தி உட்டுருவாரு எங்க ஐயன். இல்லீனா நாலு தாடிக்கு ஒருக்கா வார்ல தீட்டோணும்.”

அவர் அப்பாருடைய கதை இன்னும் பழசு. அப்போது கடை கிடையாது. தோட்டந்தோட்டமாகப் போக வேண்டும். கூலி கிடையாது, வெள்ளாமை முடிந்ததும் களத்தில் தானியம். “வாசப்படி ஏற முடியாதுங்க. வேப்பமரத்தடியிலதான் செரைக்கோணும்” என்றார். அதே குடிமகன்தான் கொங்கு கல்யாணத்தில் முன்னால் நின்று மங்கல வாழ்த்துப் பாட வேண்டும். அவர் இல்லாமல் சீர் நடக்காது, ஆனால் வீட்டுக்குள் வரக்கூடாது. இது என்ன நியாயமோ!

மகனுக்கு இந்தத் தொழிலை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

1986ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஆளுக்கு ஒரு பிளேடு. பாதி பிளேடு மாட்டுகிற கத்தி வந்தது. பழைய கத்தி பெட்டிக்குள் போனது. அதுதான் சரி. மஞ்சள் காமாலைக் கிருமியும் ரத்தம் வழியே பரவும். ஆகவே, இப்படிக் கத்தி வாங்கினால் கிருமி நீக்கி, ஒருவரே உபயோகிக்க வேண்டும்.

கேஸ் வரலாம், ஜாக்கிரதை!

போலீஸ் பிடிக்குமா? ஆயுத விதிகளில் வரும் கத்தி 9 அங்குல நீளத்துக்கு மேல், அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். சவரக்கத்தி 3 அங்குலம் சொச்சம்தான். ஆனால் யாரையாவது கீறினால், ஆயுதத்தால் காயம் என்று 2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 118வது பிரிவில் வழக்கு பாயும்.

இன்னொன்று. பழைய கத்திக்கு யானைத் தந்தக் கைப்பிடி இருந்தால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ரயில் மோதி 3 யானைகள் செத்த வட்டாரம் இது. இங்கே தந்தம் என்றால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் ஊர் பெயர் பொறித்திருக்கும். இங்கிலாந்து என்றால் ஷெஃபீல்டு, ஜெர்மனி என்றால் சோலிங்கன். சோலிங்கன் பெயரைக் கண்டவர்கள் போடக்கூடாது என்று 1938லேயே அங்கே சட்டம் போட்டு விட்டார்கள்.

நான் கொண்டு போன ஒரு கத்தியில் முனையோரம் மயிரிழை விரிசல். “தூக்கிப் போடுங்க” என்றார் பெரியவர். இன்னொன்றை எடுத்துக் கல்லில் வைத்தார். முக்கால் மணி நேரம்! பிறகு வார், அப்புறம் கொதிநீர், அப்புறம் டெட்டால்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கழுத்தில் கத்தி இறங்கும்போது உடம்பு நடுங்கியது நிஜம். உதட்டோரம் நான்தான் அசைந்து விட்டேன். ஒரு துளி ரத்தம். படிக்காரத்தை வைத்து அழுத்தினார்.

எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

“சலூன் ரேட்டு குடுங்க தம்பி. கல்லுல தீட்டுனதுக்குத் தனி” என்றார்.