உணர்ச்சியைப் பறிக்கும் கிருமிக்கு ஓர் அபூர்வ சக்தி!

மாமல்லபுரம் கடற்கரையில் பிடிபடும் நண்டுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சண்டையில் கொடுக்கு ஒடிந்துபோனாலும், அது மீண்டும் முளைக்கும். நண்டு ஓட்டைக் கழற்றும்போதெல்லாம் புதுக் கொடுக்கு கொஞ்சம் பெரிதாகும்.

மனிதனுக்கு விரல் போனால் போனதுதான். அந்தத் துயரத்தை நன்கு அறிந்த ஊர், அங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் மேற்கே இருக்கிறது. அதுதான் செங்கல்பட்டு.

திருமணி ஆஸ்பத்திரி

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ஆம் ஆண்டு தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கினாலும் சுடுவது தெரியாது. முள் தைத்தாலும் தெரியாது. புண் புரையோடி, விரல் குறைந்துகொண்டே போகும்.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கில டாக்டர் பால் பிராண்ட், நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். என்ன ஆச்சரியம்! பிடி இரும்பாக இருந்தது. 'கையில் நல்ல தசைகள் இருக்கின்றனவே! அவற்றை இடம் மாற்றி இணைத்தால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. பிறகு வேலூரில் பல கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்.

விரல் அசைந்தது. உணர்ச்சி திரும்பவில்லை.

இன்று கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் போதும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உடம்பில் தேமல் போலத் தோன்றி, அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால் உடனே போய்க் காட்ட வேண்டும். தாமதித்தால், கிருமி ஒழிந்தாலும் செத்த நரம்பு பிழைக்காது.

சுட்ட பானை களிமண் ஆனது

தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது, அதிலுள்ள உயிரணு எதுவாகவும் மாறக்கூடியது. எலும்பாகலாம், ரத்தமாகலாம், கண்ணாகலாம். இதைக் குருத்தணு என்பார்கள். வளர்ந்த பிறகு அது மாறாது. சுட்ட பானை மறுபடி களிமண் ஆகுமா?

ஆகும் என்றார் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் கர்டன். 1962-இல் தவளைக்குஞ்சின் குடல் அணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டையில் வைத்தார். அதிலிருந்து புதிய தவளைக்குஞ்சு வளர்ந்தது! 2006-இல் ஜப்பானின் ஷின்யா யாமனாகா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் அணுவைக் குருத்தணு ஆக்கினார். மறு ஆண்டு மனிதத் தோலிலும் வெற்றி. 2012-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

2014-இல் ஜப்பானின் கோபே நகரில், ஒரு மூதாட்டியின் தோல் அணுக்களையே இப்படி மாற்றி, விழித்திரைப் படலம் வளர்த்து, அவர் கண்ணில் வைத்தார்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் குருத்தணு ஆராய்ச்சி நடக்கிறது.

கிருமியின் தந்திரம்

இந்த வித்தையைத் தொழுநோய்க் கிருமி முன்பே கற்று வைத்திருந்தது! 2013-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் இதை எலியின் அணுக்களில் கண்டார்கள். நரம்புக்கு உறைபோல் இருப்பவை ஷ்வான் அணுக்கள். கிருமி அவற்றுக்குள் குடியேறி, அவற்றைக் குருத்தணு போல் ஆக்கிவிடுகிறது. தர்மம் செய்வதற்காக அல்ல. இளமை திரும்பிய அணு இடம் பெயரும். வேறு திசுவாகவும் மாறும். அதன் முதுகில் கிருமியும் சவாரி செய்யும்.

2022-இல் இன்னொரு அதிசயம். நம் ஊர் அழுங்கைப் போல உடம்பெல்லாம் ஓடு போர்த்த அர்மடில்லோ என்ற அமெரிக்கப் பிராணிக்கும் தொழுநோய் வரும். நோய் கண்ட பிராணிகளின் ஈரல் பெரிதாகியிருந்தது. வீக்கம் அல்ல, கட்டியும் அல்ல. ரத்தக் குழாய்களோடு ஒழுங்காக வளர்ந்த நல்ல ஈரல்!

விஞ்ஞானிகளைக் கவர்ந்தது இதுதான். உயிரணுவை முழுக்கக் குருத்தணு ஆக்கி உடம்பில் விட்டால் கட்டி வளரும் அபாயம் உண்டு. கிருமியோ ஈரல் அணுவைப் பாதி வழி மட்டும் பின்னுக்கு அழைத்துப் போய் நிறுத்திவிடுகிறது. கிருமி இல்லாமல் அந்தப் பாதி வழியை மட்டும் எப்படிப் பிடிப்பது என்பதே இப்போது அவர்கள் தேடுவது.