பட்டியலில் விட்டுப்போன பெயர்



நவம்பர் மாதத்தில் இறந்தோருக்கான திருப்பலிக்கு முன்னோரின் பெயர்களை எழுதிக் கொடுக்கிறோம். அதில் சில குடும்பங்கள் ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுகின்றன. கிணற்றில் விழுந்தவர், தூக்கிட்டுக்கொண்டவர், வெட்டுப்பட்டவர் பெயர் அது. "தாத்தா எப்படி இறந்தார்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

இத்தகைய சாவுகளுக்குப் பிரேத விசாரணை அறிக்கை என்று ஒரு தாள் உண்டு. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 174-ஆம் பிரிவு இதைச் சொன்னது. காவல் அதிகாரி ஊரார் இருவரையாவது வைத்துக்கொண்டு உடலைப் பார்த்து, காயங்களையும் காரணத்தையும் எழுதி, அவர்களோடு கையெழுத்திட்டு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அன்றைய சென்னை மாகாணத்தில் கிராமத் தலைவரும் இந்த விசாரணையை நடத்தலாம்.

எங்கே தேடுவது? முதலில் பங்கின் இறந்தோர் பதிவேட்டைப் பாருங்கள். நாள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் இறப்புப் பதிவை விசாரியுங்கள். நம் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய கோப்புகளுக்கு அரியலூர் மட்டும் போதாது. திருச்சியிலும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டும். காலம் கடந்த கோப்புகளை அழித்துவிடுவதும் உண்டு. அப்போது பழைய செய்தித்தாள்கள் கைகொடுக்கும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த நாளின் செய்தித்தாள்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன.

தாள் கிடைத்து, அதில் 'தற்கொலை' என்றிருந்தால்? 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே திருச்சபை இன்று போதிக்கிறது. மத்தேயு எழுதிய இயேசுவின் தலைமுறை அட்டவணையில், தாவீது சூழ்ச்சியால் கொல்லச் செய்த உரியாவின் பெயரும் இருக்கிறது. நற்செய்தியாளர் அதை மறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அந்தத் தாளில் பக்கத்து வீட்டாரின் பெயரும் இருக்கலாம். பழைய பகையைக் கிளற அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். பிறகு அந்தப் பெயரையும் திருப்பலிக்கு எழுதிக் கொடுங்கள்.